தருமபுரியிலிருந்து அறுகம்பே வரை: கையிருப்புக்குள் ஓர் அலைச்சறுக்குப் பயணம்

கடல் பார்ப்பதென்றாலே நமக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம். சர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்குக்காகத் தீவுக்குப் போகிறேன் என்று தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒருவர் சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேடினால் கிடைப்பதெல்லாம் டாலரில் சம்பாதிப்பவர்கள் எழுதிய குறிப்புகள். பாஸ்போர்ட்டில் தொடங்கி பொத்துவில் பஸ் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலைந்து விசாரித்துத்தான் நான் போய்வந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நான் சொல்லும் இடம் இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலை ஒட்டிய அறுகம்பே. அரசுப் பலகைகளில் அறுகம் குடா என்று இருக்கும். உலகம் முழுவதிலிருந்தும் அலைச்சறுக்குக்கு வருகிறார்கள். நமக்குக் கூடுதல் வசதி, பொத்துவில் தமிழ் பேசும் ஊர். பேரம், வழி, சாப்பாடு, டாக்டர் எதற்கும் மொழி தடையாகாது.

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பணம் அலையில் செலவாவதில்லை. தப்பான மாதத்தில் போவதிலும், இடைத்தரகரிடமும், நாளுக்கொரு ஊர் மாறுவதிலும்தான் கரைகிறது. சரியான மாதம், ஒரே ஊர், ஒரு வாரம். இந்த மூன்றையும் காப்பாற்றினால் 40,000 ரூபாய்க்குள் முடியும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி எடுப்பதுதான் நிறையப் பேர் சறுக்கும் இடம். அறுகம்பேயில் அலைக்காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் கடல் கலங்கிவிடும், பாதி விடுதிகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் போய்ச் செய்ய ஒன்றுமில்லை.

ஜூலை, ஆகஸ்ட்டில் அலை பெரிது, கூட்டம் பெரிது, அறை வாடகையும் பெரிது. முதன்முறை பலகையில் நிற்கப் போகிறவருக்கு மே அல்லது செப்டம்பர்தான் சரி. அலை மிதமாக இருக்கும், வாடகையிலும் பேசிக் குறைக்க இடம் இருக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறையோடு மே மாதம் பொருந்துவது இன்னொரு லாபம்.

பொங்கல் விடுமுறையில்தான் லீவு கிடைக்கும் என்றால் அறுகம்பேயை விட்டுவிட்டுத் தெற்குக் கரையின் வெலிகமவுக்குப் போங்கள். அங்கே காலம் நேரெதிர், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மணலடி வளைகுடா என்பதால் புதியவர்களுக்கு நல்ல இடம், கொழும்பு கோட்டையிலிருந்து கடலோர ரயிலிலேயே போய்விடலாம். கீழே உள்ள பாஸ்போர்ட், விசா, பண விஷயங்கள் அதற்கும் அப்படியே பொருந்தும்.

2. பாஸ்போர்ட்: இனிஷியலும் முகவரியும்

கையில் பாஸ்போர்ட் இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நான்கு மாதம்தான் மிச்சம் என்றால் புதுப்பித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

புதிதாக எடுப்பவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கலில் 3,500. பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே நிரப்பலாம். கம்ப்யூட்டர் சென்டரில் நிரப்பிக் கொடுக்கச் சொன்னால் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே இதை ஆரம்பித்தால் தட்கலுக்கு அவசியமே வராது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு இடத்தில் சிக்கல் வரும். ஒன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி அப்பா பெயர் இருந்தால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

இரண்டாவது முகவரி. வீடு பாலக்கோட்டில், வேலை ஒசூரிலோ பெங்களூரிலோ என்று இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். விண்ணப்பத்தில் தற்போதைய முகவரி என்று எதைத் தருகிறீர்களோ அந்த எல்லை போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் விசாரணைக்கு வருவார்கள். சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு நீங்கள் அங்கே இல்லையென்றால் அறிக்கை பாதகமாகப் போகும், பாஸ்போர்ட் மாதக்கணக்கில் நிற்கும். எங்கே வசிக்கிறீர்களோ அதற்கான ஆதாரம் இருந்தால் அதையே கொடுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அந்தச் சான்றிதழை மறக்காமல் இணையுங்கள். இல்லையென்றால் குடிபெயர்வுச் சோதனை தேவை (ஈசிஆர்) என்ற முத்திரையுடன் பாஸ்போர்ட் வரும். வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கென்று வைத்த சோதனை அது. அப்படிப்பட்ட பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று: அந்தச் சோதனை பொருந்தும் நாடுகளின் பட்டியலில் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து எல்லாம் இருக்கின்றன. இலங்கை இல்லை. அதனால் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போகும்போது விமான நிலையத்தில் வரக்கூடிய கூடுதல் கேள்விகள் இலங்கைப் பயணத்தில் வராது. படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போன நண்பரையும் கூட்டிக்கொண்டு கிளம்பலாம்.

3. டிக்கெட்

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்புக்கு இண்டிகோ, ஸ்ரீலங்கன் இரண்டும் நேராகப் பறக்கின்றன. வானத்தில் ஒன்றரை மணி நேரம் போல. ஆறு முதல் எட்டு வாரம் முன்பே எடுத்தால் போகவர 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் அமையும். இரண்டு ஊருக்கும் விலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெங்களூர் பக்கம்தானே என்று நினைப்போம், ஆனால் சில தேதிகளில் சென்னை விலை நிறையவே குறைவாக இருக்கும்.

கொழும்பில் மதியம் அல்லது மாலை நான்கு மணிக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள். அன்றிரவே பொத்துவில் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், கொழும்பில் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். நள்ளிரவில் இறங்கும் விமானம் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் டாக்ஸியிலும் விடுதியிலும் அதைப் போல மூன்று மடங்கு போய்விடும்.

பெயர் விஷயத்தில் கவனம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் நம்மில் பலருக்குக் காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. அவசரத்தில் ஊர்ப் பெயரையோ இனிஷியலையோ போட்டுவிடாதீர்கள். ஒற்றைப் பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது, அதைப் படித்துவிட்டு நிரப்புங்கள். விசாவிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். பின்னால் திருத்தக் கட்டணம் உண்டு.

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2024 ஆகஸ்ட்டிலிருந்து மறுபடி ஓடுகிறது, நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்தையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இவை நல்ல வழி. அலைக்காக மட்டும் போகிறவர்களுக்கு அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பு, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போய்ச் சேர ஒரு முழு நாள் பஸ்ஸில் போய்விடும்.

4. ஈடிஏ என்னும் நுழைவு அனுமதி

இலங்கைக்கு நாம் எடுப்பது ஈடிஏ எனப்படும் மின்னணு அனுமதி. 30 நாள் தங்கலாம். நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 20 டாலர் என்பது நெடுநாளாக இருந்த கட்டணம். இடையிடையே இந்தியர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததும் உண்டு. அதனால் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் இருப்பதுதான் கணக்கு.

அந்த அரசுத் தளத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த தனியார் தளங்கள். சின்னம், நிறம் எல்லாம் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. முகவரியின் கடைசியில் கவ் புள்ளி எல்கே (gov.lk) என்று முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் மூடிவிடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டிராவல்ஸில் விசாவுக்கென்று எனக்குச் சொன்ன தொகை அரசுக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. பாஸ்போர்ட் எண்ணும் தங்கும் முகவரியும் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் நீங்களே முடிக்கக்கூடிய வேலை அது.

பெரும்பாலும் ஓரிரு நாளில் மெயிலில் வந்துவிடும். ஆனாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். வந்ததை அச்செடுத்து, பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்துகூட மாறவில்லையா என்று பாருங்கள். குடிவரவில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கும் காசு கேட்கும் தளங்கள் முளைத்திருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

கையில் அச்செடுத்து வைத்திருக்க வேண்டியவை: ஈடிஏ, திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவாவது தங்கும் இடத்தின் பதிவு, பயணக் காப்பீடு. காப்பீடு எடுக்கும்போது அலைச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். மலிவான திட்டங்களில் அதை விலக்கியிருப்பார்கள், அப்புறம் எடுத்தும் பயனில்லை.

5. பணக் கணக்கு

நான் போனபோது நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய். அங்கே எதைக் கேட்டாலும் ஆயிரங்களில் சொல்வார்கள், பதற்றப்படாமல் மூன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு, ஆறு இரவுக்கு, நம் ரூபாயில் என் கணக்கு இது. விமானம் 15,000. ஈடிஏ 1,700. காப்பீடு 600. ஊரிலிருந்து விமான நிலையம் போகவர 1,500. கொழும்பு–பொத்துவில் பஸ் போகவர 1,500. அறை 6,000. சாப்பாடு 5,000. பலகை வாடகை ஐந்து நாளுக்கு 2,200. இரண்டு பாடம் 2,900. ஆட்டோ 2,000. சிம் 600. மொத்தம் 39,000. இருவர் ஒரே அறையில் தங்கினால் ஆளுக்கு மூவாயிரம் குறையும். இதற்கு மேல் ஐயாயிரம் தொடாமல் வைத்திருங்கள், அது காயத்துக்கும் தவறவிட்ட பஸ்ஸுக்கும்.

ஏடிஎம் கார்டு வைத்திருந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டுப் பயன்பாடு எல்லாக் கார்டிலும் முதலிலேயே அடைத்துத்தான் வரும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும். இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ செல்லும். ஆனால் அதைக் கொழும்புக் கடைகளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை வாடகைக்காரர், ஆட்டோக்காரர், சோற்றுக்கடை எல்லாம் ரொக்கம்தான். கொஞ்சம் டாலர் வாங்கிப்போய், கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலைய வங்கிக் கவுன்டரிலேயே மாற்றிக்கொள்ளலாம். பொத்துவில் டவுனிலும் வங்கிகளும் ஏடிஎம்களும் உண்டு. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிப்பதால் சின்னச் சின்னதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள்.

6. போகும் முன் ஊரில் செய்ய வேண்டியது

கிணற்றிலும் ஒகேனக்கல் பக்கமும் நீச்சல் பழகியவர்கள் நாம். அந்த நீச்சல் கைகொடுக்கும், ஆனால் கடலில் தண்ணீர் நம்மை ஓரிடத்தில் நிற்கவிடாது. மூச்சு வாங்காமல் 200 மீட்டர் நீந்த முடியாதென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

முடிந்தால் ஒரு வார இறுதி கோவளம் போய்விட்டு வாருங்கள். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவ ஊர், அங்கே முறையான அலைச்சறுக்குப் பயிற்சி உண்டு. பலகையில் படுத்துத் துழாவுவதும் சட்டென்று எழுந்து நிற்பதும் அங்கேயே வந்துவிட்டால், அறுகம்பேயில் பாடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மிச்சம். கடல் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பையில் வைக்க: முழுக்கை நீச்சல் சட்டை, நீரில் கரையாத சன்ஸ்கிரீன், வெயில் கூசாமலிருக்கத் தொப்பி ஒன்று, காயத்துக்கு மருந்து, கொசு மருந்து, பெரிய சதுரப் பின் பொருந்தும் அடாப்டர். நம் உருண்டைப் பின் எல்லா இடத்திலும் நுழையாது. பலகையை இங்கிருந்து தூக்கிப்போக வேண்டாம், விமானக் கட்டணத்திலேயே பல நாள் வாடகை அடங்கிவிடும்.

மே, ஜூனில் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மாம்பழப் பெட்டி கொண்டுபோகும் ஆசை வரும். பழம், விதை, நாற்று எதற்கும் முன் அனுமதி இல்லாமல் அங்கே விடமாட்டார்கள். முறுக்கு, கேழ்வரகு பிஸ்கட் என்று மூடிய பாக்கெட்டாக எடுத்துப் போங்கள்.

7. ஊரிலிருந்து கட்டுநாயக்கா, அங்கிருந்து பொத்துவில்

பெங்களூர் விமானம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலிருந்தும் ஒசூர் வழி பஸ் எந்நேரமும் கிடைக்கும். விமான நிலையம் இருப்பதோ நகரத்தின் மறுமுனையான தேவனஹள்ளியில். ஒசூர் பஸ் பெங்களூருக்குள் நுழையும் சில்க் போர்டு வரை வந்த நேரத்துக்குச் சமமான நேரம் அதற்கப்புறமும் ஆகலாம். சில்க் போர்டு பக்கமிருந்து வாயு வஜ்ரா ஏசி பஸ் விமான நிலையத்துக்குள்ளேயே போகிறது, டாக்ஸி வேண்டியதில்லை. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே நிற்க வேண்டும். ஆக, கிருஷ்ணகிரியை விமான நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்பும், தருமபுரியை ஒன்பது மணி நேரம் முன்பும் விட்டுவிடுங்கள். சென்னை விமானம் என்றால் ராத்திரி பஸ்ஸில் கோயம்பேடு, அங்கிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் போய் மாறினால் விமான நிலையம். தருமபுரிக்காரர்கள் மொரப்பூர் போய் ரயிலும் ஏறலாம்.

கொழும்பு விமான நிலையம் கட்டுநாயக்காவில் இருக்கிறது, நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கடந்து 187 எண் பஸ்ஸை விசாரியுங்கள். அது கொழும்பில் புறக்கோட்டை வரை போகும், டாக்ஸியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

புறக்கோட்டையிலிருந்து மொனராகலை வழியாகப் பொத்துவில் பக்கம் போகும் பஸ்கள் மாலைக்கு மேல் கிளம்பும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், எட்டிலிருந்து பத்து மணி நேரம். அரசு பஸ்ஸும் தனியாரும் உண்டு. பஸ் எண்ணைவிட "பொத்துவில் வரை நேராகப் போகுமா, நடுவில் மாற வேண்டுமா?" என்று கேட்பதுதான் முக்கியம். நேர் பஸ் கிடைக்காவிட்டால் மொனராகலை வரை போய் அங்கே மாறலாம். வார இறுதிகளிலும் பௌர்ணமி விடுமுறையை ஒட்டியும் இருக்கை கிடைப்பது கஷ்டம். பௌர்ணமி தோறும் இலங்கையில் அரசு விடுமுறை, உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று காலண்டரில் பாருங்கள்.

விடியற்காலையில் பொத்துவிலில் இறங்குவீர்கள். அங்கிருந்து அறுகம்பே மூன்று கிலோமீட்டர்தான். ஏறும் முன்பே ஆட்டோவுக்குப் பேசிக்கொள்ளுங்கள். தமிழில் பேசினாலே விலை ஒரு படி இறங்கும்.

8. தங்குவதும் சாப்பிடுவதும்

இணையத்தில் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். மீதியை நேரில் நடந்து பார்த்துப் பேசுங்கள். கடலைப் பார்த்த அறைக்கும், சாலைக்கு மறுபக்கம் ஐந்து நிமிட நடையில் இருக்கும் அறைக்கும் வாடகை இரண்டு மடங்கு வித்தியாசப்படும். மின்விசிறி அறை இலங்கை ரூபாயில் 3,000 முதல் 4,000 வரை அமையும். அலைக்காக வந்தவர் அறையில் இருக்கப்போவது தூங்கும் நேரம்தான், ஏசி கேட்காதீர்கள்.

கடலோரக் கடைகளில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் பணத்தில் பொத்துவில் டவுன் கடையில் நாள் முழுவதும் சாப்பிடலாம். சோறு, பருப்பு, மீன் கறி, சம்பல் வைத்த மதியச் சாப்பாடு 500 முதல் 800 இலங்கை ரூபாய். காலையில் இடியாப்பமும் சொதியும், இரவில் கொத்து. சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பலைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துச் சேர்ப்பது அங்கே வழக்கம்.

பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். கடற்கரை உடையில் டவுனுக்குள் போகாதீர்கள். கடற்கரையில் யாராவது போதைப்பொருள் நீட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள், அந்த நாட்டில் தண்டனை மிகக் கடுமை.

9. எந்த அலையில் இறங்குவது

அறுகம்பேயின் பெயர் வாங்கிய அலை மெயின் பாயிண்ட். அடியில் பாறையும் பவளமும், சில இடத்தில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. முதல் வாரத்தில் அங்கே போகவே கூடாது. புதியவர்களுக்கு அதே வளைகுடாவுக்குள் இருக்கும் பேபி பாயிண்ட். அது பழகியபின் வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீனட் ஃபார்ம். இந்த இரண்டுக்கும் ஆட்டோவில்தான் போக வேண்டும், நான்கு பேர் சேர்ந்துகொண்டால் செலவு பங்காகிவிடும். விடுதியில் முந்தைய நாள் சாயங்காலமே பேசி ஆள் சேருங்கள்.

காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். அப்புறம் கடற்காற்று எழுந்து அலையைக் கலைத்துவிடும். பலகையை முழு நாளுக்கு எடுத்துவிட்டு மதியம் தூங்குவதைவிட, அரை நாள் வாடகைக்குக் கேளுங்கள். முதலில் மென்மையான நுரைப் பலகை, எட்டடிக்குக் குறையாமல். சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும், எழுந்து நிற்கவே விடாது.

வாடகைக்கு எடுக்கும்போது பலகையில் ஏற்கெனவே உள்ள விரிசல், ஓட்டை எல்லாவற்றையும் கடைக்காரர் கண் முன்னால் போட்டோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய விரிசலுக்கு நம்மிடம் பணம் கேட்பது அங்கே சாதாரணமாக நடக்கிறது. எனக்கும் நடந்தது, போட்டோதான் காப்பாற்றியது. அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகலும் கொஞ்சம் முன்பணமும் போதும்.

பாடம் எடுத்தால் ஒருவருக்கு ஒருவராக, இரண்டே வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் தண்ணீருக்குள் உங்களோடு இறங்குவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் பேசுங்கள். பெண்களுக்கு ஒரு தகவல்: ஊர்ப் பெண்களே சேர்ந்து நடத்தும் அலைச்சறுக்குக் கழகம் அறுகம்பேயில் இருக்கிறது. தனியாகப் போகிறவர்கள் முதலில் அவர்களை விசாரியுங்கள்.

தண்ணீரில் சில நடைமுறைகள் உண்டு. ஓர் அலைக்கு ஓர் ஆள். அலை உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்குத்தான் உரிமை. எதிரே ஆள் வரும்போது பலகையைக் கைவிட்டுவிட்டு மூழ்கக் கூடாது, அது பின்னால் இருப்பவர் தலையைப் பதம் பார்க்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள், எழும்போது ஒரு கை தலைக்கு மேல். இழுவை நீரோட்டம் உங்களைக் கடலுக்குள் கொண்டுபோனால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவினால் அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம்.

10. காயம், யானை, ஸ்கூட்டர்

பவளத்தில் கீறினால் சின்னக் காயமென்று விடாதீர்கள். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி மருந்து போட்டு, ஒரு நாள் கடலில் இறங்காமல் இருங்கள். சீழ் வைத்தால் மீதிப் பயணம் முழுவதும் போய்விடும். பொத்துவிலில் அரசு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு 1990, போலீஸுக்கு 119.

தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக்காரர்களுக்கு யானைப் பாதை பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அறுகம்பேயிலிருந்து பாணமை போகும் சாலையிலும் வடக்கே பொத்துவில் பாயிண்ட் பக்கமும் பொழுது சாய்ந்தால் யானை வரும். விடியும் முன்பு விஸ்கி பாயிண்ட்டுக்கு நடந்தோ சைக்கிளிலோ கிளம்பாதீர்கள்.

ஸ்கூட்டர் வாடகை மலிவுதான். ஆனால் நம் லைசென்ஸை மட்டும் காட்டி அங்கே ஓட்டக் கூடாது, உள்ளூர் அனுமதிச் சீட்டு தனியாக வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீடும் கிடைக்காது. ஒரு வாரத்துக்கு ஆட்டோவே போதும்.

அலை ஓய்ந்த ஒரு நாளில் தெற்கே முப்பது கிலோமீட்டர் போல இருக்கும் உகந்தை முருகன் கோயிலுக்குப் போய்வாருங்கள். குமண காட்டின் வாசலில், கடலோரப் பாறையை ஒட்டி இருக்கிறது. ஜூலை வாக்கில் கதிர்காமத்துக்கு நடந்தே போகிறவர்கள் அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த நாட்களில் போனால் பஸ்ஸும் கூடுதலாக ஓடும், கோயிலில் சோறும் கிடைக்கும். மற்ற நாளில் ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

11. திரும்பும் நாள்

விமானம் மதியம் என்றால் முந்தைய இரவு பஸ்ஸில் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போடத் தோன்றும். மலைச்சாலையில் மழை பெய்து பஸ் மூன்று மணி நேரம் தாமதித்தால் டிக்கெட் போய்விடும். மாலை விமானமாகப் பாருங்கள். அது அமையாவிட்டால் ஒரு நாள் முன்பே கொழும்பு வந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான நீர்கொழும்பில் தங்கிக்கொள்ளுங்கள். அங்கே அறை மலிவு.

பலகைக் கடைக்கும் விடுதிக்கும் கணக்கை முந்தைய நாள் மாலையே தீர்த்துவிடுங்கள். காலையில் அவசரத்தில் பேசினால் பேரத்துக்கு இடமிருக்காது. மிச்சமிருக்கும் இலங்கை ரூபாயை விமான நிலைய வங்கியிலேயே மாற்றிவிடுங்கள், அதற்கு முதலில் மாற்றியபோது தந்த ரசீதைக் கேட்பார்கள். ஊருக்கு வந்தால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.